சனம் சிரித்து முடிந்த பிறகு

கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ அம்மா, உடனே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மயூரி சொட்டு மருந்துக் குப்பியோடு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டாள், மருந்து மூடிய கண்ணுக்குள் எரிந்து, கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் கசப்பாக இறங்கியது, கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படி வருகிறது, உடம்புக்குள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது போல, சிவயோகம் சோபா மூலையில் தலையைச் சாய்த்தபடி ரிமோட்டைத் தடவி எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். படம் வேண்டியதில்லை. படம் அவளுக்குப் பாடம். கண் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தபோதுகூட டொக்டர் எதைப் பார்க்க முடியாமல் போகிறது என்று கேட்டதற்கு, பஸ் நம்பர் தெரியுதில்லை என்றுதான் சொன்னாள், டிவி தெரியவில்லை என்று சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் டிவியை அவள் எப்போதும் காதால்தான் பார்த்தாள். சனத்தைச் சிரிக்கவைக்கிற பழைய ஆங்கிலப் பகிடி நாடகங்களை மட்டும் போடுகிற சானல் இது, பின்னேரத்தில் இந்த ஊரில் இதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் தன்னைப்போல ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிற கிழடுகளாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள், வெள்ளைக்காரக் கிழடுகள், தங்கள் இளமைக்காலத்துச் சோபாவையும் சுவர்க் கடதாசியையும் பார்க்க வருகிறவர்கள், அவர்களோடு நான் ஒருத்தி. நேற்று மயூரி வரப்போகிற நிகழ்ச்சிகளை வாசித்துச் சொன்னபோது, மைண்ட் த கர்ப், இரண்டாவது தொடர், மிஸ்டர் சட்டர்ஜி காரோட்டப் பழகுகிறார் என்று வாசித்ததும், எத்தனை மணிக்கு என்று கேட்டாள், பிறகு சரி பிள்ளை, அதைப் பிறகு பாப்பம் என்று மட்டும் சொன்னாள். இப்போது அந்தத் தொடக்க இசை வந்துவிட்டது, டிராம்போன் குறட்டை விடுகிற மாதிரி இரண்டு இழுவை, பிறகு கார் ஹோர்ன், பிறகு அரங்கில் இருந்து பார்க்கிற சனம் கை தட்டுகிறது.

மிஸ்டர் டன்னிக்ளிஃப் வருகிறார், சாவிக்கொத்துச் சத்தம், அவர் பெண்சாதி டோரீன் டைப்ரைட்டரைத் தட்டுகிற சத்தம், வடக்கு இங்கிலாந்தின் ஏதோ மழை ஊரில் கார் பழக்குகிற பள்ளிக்கூடம் நடத்துகிற இரண்டு பேர், எல்லா வாரமும் யாராவது ஒரு ஆள் காரைக் கொண்டுபோய் எதிலாவது மோதிவிடுவார், அவ்வளவுதான் கதை. ஒருவரும் சாகமாட்டார்கள். ஒருவருக்கும் உண்மையான காயம் வராது. அடுத்த வாரம் அதே கார், அதே மேசை, அதே கோபம். அதுதான் அவளுக்கு முதலில் பிடித்தது, டூட்டிங்கில் அந்த மேல்வீட்டு ஒற்றை அறையில், வாடகைக்கு எடுத்த கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால், இவர், மயூரியின் அப்பா, இரவு வேலைக்குப் பெட்ரோல் ஷெட்டுக்குப் போன பிறகு, அவளும் தம்பியும் ஒரு போர்வையை இருவருமாக முழங்காலுக்கு இழுத்துக்கொண்டு இருந்து பார்த்த காலம். தம்பி உருத்திரன் பொலிடெக்னிக்கில் படிக்க வந்தவன், எப்படியோ வந்த கிழமையே வெள்ளைக்காரரின் பகிடி அவனுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்தில் வரும், வாயில் வராது, காதில் இன்னும் வராது, அவர்கள் சொல்லை விழுங்கி விழுங்கிக் கதைக்கிறார்கள், அவள் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் சனம் சிரித்துவிடும். "என்னவாமடா?" என்று அவள் கேட்பாள். அவன் காதுக்குள் தமிழில் சொல்லுவான், "டோரீன் ஹேண்ட்பேக் எண்டு சொன்னவ, அந்தாள் ஹேண்ட்பிரேக் எண்டு நினைச்சுப் பிடிச்சு இழுத்துப்போட்டுது அக்கா." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் முகத்தில் விளங்கியது தெரிந்த பிறகுதான் அவன் சிரிப்பான். அதற்குள் டிவிக்குள் சனம் சிரித்து முடிந்து, டன்னிக்ளிஃப் அடுத்த வசனத்துக்கு வாயெடுத்திருப்பார். எப்போதும் ஒரு அடி பிந்திய சிரிப்பு. கீழ்வீட்டு மிஸிஸ் கோலி சத்தம் பொறுக்காமல் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டை இடிப்பாள். அவன் தரையைப் பார்த்து டன்னிக்ளிஃப்பின் குரலில், "ஹேண்ட்பிரேக், மேடம்!" என்பான். பிறகு எல்லாவற்றுக்கும் அதுதான், அவள் சந்தையில் அவசரப்பட்டால் ஹேண்ட்பிரேக், இவரோடு சண்டை பிடித்தால் ஹேண்ட்பிரேக், வீட்டை நினைத்து அழுதால் தோளில் கை வைத்து மெதுவாக ஹேண்ட்பிரேக் அக்கா.

இசை நின்றுவிட்டது. இப்போது டோரீனின் தாய் டெலிபோனை எடுத்துக் கத்துகிறாள், இது முதல் பகுதி, இன்னும் நேரம் இருக்கிறது, அவள் கதவடியில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் மிஸ்டர் சட்டர்ஜி வருவார். இப்பவே ஏன் கை குளிர்கிறது, ஹீட்டர் எரிகிறதுதானே. காது சரியாக இருக்கவேண்டும், போன மாதம் மயூரி போனில் சொன்னது பாதி கேட்கவில்லை, கண்ணைத் திருத்திவிட்டார்கள், காது போனால் என்ன செய்வது, இந்தச் சானல் இதை இனி எப்போது போடுமோ, அப்போது நான் இருப்பேனோ. இந்த நாடகத்தைச் சனத்துக்கு முன்னால் நடித்து எடுத்த ரெக்கோடிங்குக்கு டிக்கெட் எடுத்தவனும் தம்பிதான், எழுதிக் கேட்டால் சும்மா அனுப்புவார்களாம், அக்கா நாங்கள் உள்ளுக்கே போய்ப் பாக்கப்போறம் என்று அறைக்குள் துள்ளினான். நல்ல குளிர், அவள் சேலைக்கு மேல் இவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள், பெரிய கொட்டகை, பலகைப் படிகளில் இருக்கைகள், முகட்டில் கொத்துக் கொத்தாக விளக்கு. கீழே பார்த்தால் டன்னிக்ளிஃப்பின் கார், பாதிக் கார்தான். முன்பக்கம் மட்டும், நடுவில் வாளால் அரிந்த மாதிரி, பின்னால் இரண்டு பேர் குந்திக்கொண்டு அதைக் கையால் ஆட்டினார்கள். இவ்வளவு நாளும் ஊர் முழுக்க ஓடித் திரிந்த கார் பாதிதான் என்று கண்டபோது அவளுக்கு ஒரு பயம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை, நம்பியிருந்த ஒன்றின் பின்பக்கம் இல்லை என்று கண்ட மாதிரி. பக்கத்தில் அவன் மகிழ்ச்சியில் இருக்கையைப் பிடித்தபடி இருந்தான். ஒரு ஆள் வந்து பகிடி சொல்லிச் சனத்தைச் சூடாக்கினார், முகட்டில் தொங்குகிற மைக்குகளைக் காட்டி, உங்கள் சிரிப்பு நாடு முழுக்கக் கேட்கப்போகிறது, கூச்சப்படாதீர்கள் என்றார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆகவே அவள் அதில் இல்லை. அந்தச் சிரிப்பு முழுவதிலும் எங்கேயும் அவள் இல்லை.

மிஸ்டர் சட்டர்ஜியாக வந்தது முகத்தில் மண்ணிறம் பூசிய ஒரு வெள்ளைக்காரன். காதுக்குப் பின்னால் பூச மறந்திருந்தார்கள், மேலே இருந்த அவளுக்கு அந்த வெள்ளை தெரிந்தது. இடப்பக்கம் திருப்புவோமா என்று டன்னிக்ளிஃப் கேட்கிறார், அந்த ஆள் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டுகிறார், ஓம் என்கிறாரா இல்லை என்கிறாரா தெரியாமல் டன்னிக்ளிஃப் விழிக்கிறார், திரும்பக் கேட்கிறார், திரும்ப ஆட்டுகிறார், கார் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேரே வாய்க்காலுக்குள் போகிறது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சுற்றியிருந்தவர்களில் சிலர் திரும்பி இவர்கள் இருவரையும் பார்த்தார்கள், நட்பாகத்தான் பார்த்தார்கள், அந்த நட்பு முதுகில் ஊர்ந்தது. "என்னவாம்?" என்று அவள் கேட்டாள். அவன் முகம் விளக்கு வெளிச்சத்தில் இறுகி இருந்தது, அதை அவள் கண்டாள், அவன் சிரிக்கப்போவதில்லை என்று அந்த நேரம் நினைத்தாள். பிறகு காதுக்குள் மெதுவாகச் சொன்னான், "எங்கடை ஆக்கள் தலையாட்டினா ஓமோ இல்லையோ எண்டு தங்களுக்கு விளங்கேல்லையாம் அக்கா." விளங்கினதோ என்று பார்த்தான். விளங்கியது என்று காட்ட அவள் தலையை ஆட்டினாள். இப்படியும் அப்படியுமாக, தன்னை அறியாமலே. அவன் அவளையே பார்த்தான், கீழே அந்த ஆளைப் பார்த்தான், திரும்ப அவளைப் பார்த்தான், பிறகு உடைந்தான், கொட்டகை முழுக்க அடங்கிவிட்ட பிறகு, ஒற்றை ஆளாக, மூச்சுப் பிடிக்காமல் சிரித்தான். டன்னிக்ளிஃப்கூட மேலே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்த மண்ணிறக்காரனைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். என் தலையைப் பார்த்து. இதை யாரிடம் சொல்லி விளங்கப்படுத்துவது.

அந்த நாடகம் டிவியில் வந்த இரவு அவன் போர்வையை உதறிவிட்டு எழும்பிவிட்டான், "அக்கா, கேட்டனீங்களோ, அது நான்! அது நான்!" என்று டிவியைத் தொட்டுக் காட்டினான், எல்லாரும் சிரித்து முடிந்த பிறகு வருகிற அந்தச் சிரிப்பை. நாடு முழுக்கக் கேட்டிருக்கும் என்றான். படிப்பு முடிந்ததும் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போனான், அங்கே சண்டை, போக வேண்டாம் என்று எல்லாரும் சொன்னார்கள், ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்றான், விமான நிலையத்தில் அவள் அழ, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஹேண்ட்பிரேக்கை இழுப்பது போலக் கையால் காட்டினான். அம்மாவைப் பார்த்தான், இரண்டு கிழமை பக்கத்தில் இருந்தான், கொழும்புக்குத் திரும்பி வருகிற வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இளம் பெடியன்களை இறக்கினார்களாம். பஸ்ஸில் இருந்த ஒரு கிழவர் அவனுடைய பையைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார். அவ்வளவுதான். பிறகு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதற்கு ஒரு நாள் கிடையாது, திதி கிடையாது, அந்தப் பஸ் இன்னும் எங்கேயோ நிற்கிறது. அவள் கனவில் சில வேளை அது பாதிப் பஸ், பின்னால் யாரோ குந்திக்கொண்டு அதைக் கையால் ஆட்டுகிறார்கள். படம் இருக்கிறது, பொலிடெக்னிக் அட்டையில் ஒட்டின சின்னப் படம். குரல் எங்கேயும் இல்லை, அந்தக் காலத்தில் யார் குரலைப் பிடித்து வைத்தார்கள். நாடகத்துக்குள் இருக்கிற இந்தச் சிரிப்பு ஒன்றுதான். டிவியில் திரும்பப் போட்டபோது வீடியோவில் பதிந்து வைத்தாள், அந்த ஒரு இடத்தையே முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி நாடா தேய்ந்து, ஒருநாள் மெஷினுக்குள்ளேயே சிக்கிக் கசங்கியது, இவர் பென்சிலால் சுற்றிப் பார்த்தார், சரிவரவில்லை. ஏன் அழுகிறாய் என்று இவர் கேட்கவில்லை. இவருக்குத் தெரிந்திருக்குமோ. கேட்காமலே இவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"உதையோ பாக்கிறியள்?" மயூரியின் குரல். தேத்தண்ணி மணம், மேசையில் கோப்பை வைக்கிற சத்தம், சோபாவின் மறு கரை அமிழ்ந்தது. சிவயோகம் கையை மட்டும் உயர்த்தினாள், பொறு என்று. டோரீனின் தாய் சொல்லிவிட்டாள், கதவடியில் யாரோ. கதவு திறக்கிற சத்தம். இப்போது குட் மோர்னிங் என்று அந்தப் பொய்க் குரல் வரவேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டாள், ஹீட்டர் முணுமுணுப்பதுகூட இடைஞ்சலாக இருந்தது, கண்ணுக்குள் நீர் முட்டியது, மருந்தா வேறேதுமா தெரியவில்லை. தண்ணீர் சளக்கென்றது. என் உடுப்பு எல்லாம் நனைந்துவிட்டது என்று டன்னிக்ளிஃப் கத்தினார். சனம் சிரித்தது. இல்லையே. கார் வாய்க்காலுக்குள் போய்விட்டதா, எப்போது போனது, நான் நித்திரையாகிவிட்டேனோ, ஒரு கணம் கண் அசந்ததா, காதுதான் போய்விட்டதா, இத்தனை காலம் காத்திருந்து அந்த ஒரு கணத்தில் நித்திரையா, பாவி, கிழட்டுப் பாவி. "என்ன நடந்தது? பிள்ளை, நான் படுத்திட்டனோ?" கண்ணைத் திறந்துவிட்டாள், வெளிச்சம் ஊசியாகக் குத்தியது, டிவி ஒரு நீலக் கரைசலாகத் தெரிந்தது.

"இல்லை, முழிச்சுக்கொண்டுதான் இருந்தனீங்கள். அந்த சீனை வெட்டிப்போட்டாங்கள்," என்றாள் மயூரி. "குசினி வாசலாலை கண்டனான், தொடங்கேக்கை எழுத்திலை போட்டவங்கள், இந்தக் காலத்துக்குப் பொருந்தாத பகுதிகளை எடுத்திருக்கிறம் எண்டு. நல்ல காலம்."

நல்ல காலம். சிவயோகம் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பிள்ளை, நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், சானல் கந்தோர் மேசை ஒன்றில் இருந்து இதைப் பார்த்து முகம் சுளித்து, சரியான காரியம் செய்கிறேன் என்று நினைத்து அந்த மண்ணிறத்தை வெட்டி எடுத்திருக்கும், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு சிரிப்பும் போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும். "அதை ஏன் வெட்டினவங்கள்," என்று கேட்டாள், குரல் தனக்கே சிறுபிள்ளையின் குரலாகக் கேட்டது. மயூரி கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள், ஆத்திரம் இல்லாமல், எப்போதோ ஆத்திரப்பட்டு முடித்துவிட்டவள் மாதிரி: "அம்மா, ஸ்கூல்லை என்னைக் கண்டா அப்பிடித்தான் தலையாட்டுவாங்கள். மிஸிஸ் சட்டர்ஜி எண்டுதான் எனக்குப் பேர். பஸ்ஸிலை, சாப்பாட்டு லைன்லை. வீட்டை வந்தா நீங்கள் அதே சீனைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துக்கொண்டு இருப்பியள். நான் கதவடியிலை நிண்டு பாப்பன். அம்மாவும் அவங்களோடை சேந்து சிரிக்கிறா எண்டுதான் நினைச்சனான்."

கதவடியில் நின்றாளா. பள்ளிக்கூடச் சப்பாத்தோடு, பையைக் கழற்றாமல். எனக்குத் தெரியாதே, ஒருநாளும் சொல்லவில்லையே, இந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை, இவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இவளும் கதவடியிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டாள். டிவியில் டோரீன் ஏதோ சொல்ல, சனம் கலகலத்தது, அந்தச் சனத்துக்குள்ளும் அவன் எங்கேயோ இருக்கிறான்தான், அதே கொட்டகை, அதே பலகைப் படி, ஆனால் தனியாகக் கேட்கமாட்டான், தண்ணீருக்குள் தண்ணீர் மாதிரி. "அதிலை மாமா சிரிக்கிறான் பிள்ளை," என்றாள். "உருத்திரன் மாமாவோ?" படத்தில் மட்டும் கண்ட மாமா, பெயரை எடுத்தால் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிற மாமா. சிவயோகம் சொல்லத் தொடங்கினாள், கோர்வையாக வரவில்லை, பாதிக் கார், கோட்டு, முகட்டில் மைக், காதுக்குப் பின்னால் பூச மறந்த வெள்ளை, அவன் முகம் இறுகினது, தான் தலையை ஆட்டினது. சொல்லும்போதே தலை தானாக ஆடியது. மயூரி அதைப் பார்த்தாள். "அவன் அவங்கடை பகிடிக்குச் சிரிக்கேல்லை. என்னைப் பாத்துத்தான்."

மயூரி போனை எடுத்துவிட்டாள், இவள் கைகள் எப்போதும் அப்படித்தான், துக்கம் வந்தால் எதையாவது தேடும். "இன்டர்நெட்டிலை இருக்கும் அம்மா, ஆராவது ஏத்தியிருப்பாங்கள், பொறுங்கோ." தட்டினாள், தட்டினாள். "இருக்கு." அவள் முகம் மாறியது. கீழே எழுதியிருப்பதை வாசித்திருப்பாள், இதை இனி டிவியில் காட்டமாட்டார்கள் என்று யாரோ கோபத்தோடு ஏற்றி வைத்திருக்கிறார்கள், அதற்குக் கீழே எங்கள் ஆக்களைப் பழித்து அவரைப்போன்றவர்கள் எழுதியவை, அவள் கட்டை விரலால் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டாள். "சத்தத்தை மட்டும் கேளுங்கோ." போனைத் தாயின் காதடியில் பிடித்தாள். குட் மோர்னிங் என்றது அந்தப் பொய்க் குரல். இடப்பக்கமா? மௌனம். சனம் விம்மிச் சிரித்தது. இடப்பக்கமா? மௌனம். சிவயோகம் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி அடிப்பது கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை, கார் போகிறது, சனம் வெடித்தது, அலை ஏறி, ஏறி, இறங்கத் தொடங்கியது, இப்போது, இந்தா, இப்போது.

டக்கென்று நின்றுவிட்டது. மயூரி திரையைத் தட்டினாள், திரும்ப ஓடவிட்டாள், திரும்பவும் அதே இடத்தில் நின்றது. அதை ஏற்றியவருக்குச் சனத்தின் சிரிப்பு மட்டும் போதுமாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவது எதற்கு.

"முழுசா ஆரிட்டையும் கிடக்கும், நான் தேடுறன்," என்றாள் மயூரி. சிவயோகம் தலையை ஆட்டினாள். கிடைக்கலாம், கிடைக்காமல் போகலாம், ஒரு நாள் இன்னொரு பிள்ளை இன்னொரு துண்டை வெட்டும், நாடா தேய்கிறது, காது தேய்கிறது, இதில் எதை நம்பி ஒரு மனிதனை வைத்திருப்பது. மயூரி ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினாள். வீடு அப்படி அடங்கி அவள் கேட்டதில்லை.

"அம்மா, மாமா எப்பிடிச் சிரிப்பார்?"

வாயைத் திறந்தாள். செய்து காட்டலாம் என்றுதான் திறந்தாள். அவனுடைய தோள் முதலில் வந்து தன் தோளில் இடித்தது நினைவிருந்தது, பலகை இருக்கை அதிர்ந்தது, கண்ணில் வழிந்த நீரை அவன் சட்டைக் கையால் துடைத்தது, எல்லாம் இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தொண்டைக்குள் தேடினாள். சனத்தின் சிரிப்புத்தான் வந்தது.

"பிந்தித்தான் சிரிச்சவன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது. சிரிச்சவன். அவனுக்கு நண்டென்றால் உயிர், அவன் வருவான் என்றுதான் ஊரில் அம்மா சாகும்வரைக்கும் சொன்னாள், தானும் அப்படித்தான், கதைப்பான், சிரிப்பான், பஸ் எங்கேயோ நிற்கிற வரைக்கும் வேறெப்படிச் சொல்வது, முடிந்துபோன காலத்து அந்த மற்றச் சொல்லைச் சொன்னால் ஏதோ ஒரு கை அவனை முடித்துவிடும் என்று இத்தனை வருடம் நாக்கின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அது இவ்வளவு லேசாக வெளியே வந்துவிட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை. வெளியே யாரோ தெருவில் காரை நிறுத்தக் கஷ்டப்பட்டு முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மயூரி நெருங்கி வந்து, சின்னப் பிள்ளையில் செய்கிற மாதிரிக் காலை மடித்துச் சோபாவில் ஏறி இருந்தாள்.

"சொல்லுங்கோ," என்றாள்.

"எனக்கொரு தம்பி இருந்தவன்," என்று சிவயோகம் தொடங்கினாள்.